1 டெராபைட் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் திணறுகிறது: போட்டோக்களை எடுக்க என்ன வழி?

#1 மின்மினி

2.5 அங்குல யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க், 1 டெராபைட், என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபார்மட்). செருகினா டிரைவ் எழுத்து வரவே 2 நிமிஷம் ஆகுது. ஃபோல்டர் திறக்குது, ஆனா காப்பி போட்டா குறிப்பிட்ட சில படங்கள்ல வந்து நின்னுடுது, எக்ஸ்ப்ளோரரும் சேர்ந்து உறைஞ்சு போகுது. ரெண்டு தடவை "ஃபார்மட் செய்ய வேண்டும்"னு கேட்டுச்சு, கேன்சல் கொடுத்தாச்சு. வித்தியாசமான சத்தம் எதுவும் இல்லை. போட்டோக்கள் மட்டும் சுமார் 180 ஜிபி, பெரும்பாலும் ஜேபெக், கொஞ்சம் ரா ஃபைல் (கேமராவோட பதப்படுத்தாத படம்). வேற நகல் கிடையாது. செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாமா?

#2 வட்டுக்காவல்

ஓட்டாதீர்கள். முதலில் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், பிறகு மேலே படியுங்கள்.

செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக்குவது. உங்கள் படங்களைக் காப்பது இல்லை. எம்எஃப்டியில் (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவேடு) ஒரு பதிவைப் படிக்க முடியாவிட்டால் அந்தப் பதிவையே தூக்கிவிட்டு மிச்சத்தைச் சீர்செய்யும். அதுவரை "படிக்கச் சிரமம்" என்ற அளவில் இருந்த ஃபைல், ஃபவுண்ட் டாட் 000 ஃபோல்டருக்குள் பெயரில்லாத துண்டாகக் கிடக்கும், அல்லது அதுகூட இருக்காது. இத்தனையும் சாகக் கிடக்கிற டிஸ்க்கின் மேலேயே எழுதப்படும்.

இந்த டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் படிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருக்கிற நேரத்தை ஒரே வேலைக்குச் செலவிடுங்கள்: செக்டார் செக்டாராக (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்) வேறொரு டிஸ்க்குக்கு இமேஜ், அதாவது முழு டிஸ்க்கின் அச்சு நகலை ஒரே ஃபைலாக, எடுப்பது. ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது, ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டுவது எல்லாம் அந்த இமேஜின் மேல் மட்டும்.

இமேஜை வாங்கிக்கொள்ள 2 டெராபைட் டிஸ்க் வேண்டும். 1 டெராபைட் டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் 1 டெராபைட் இமேஜ் அதில் உட்காராது, கடைசிச் சில ஜிபியில் இடம் தீர்ந்து நிற்கும். ஃபேட்32 ஃபார்மட்டும் ஆகாது. ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட விடாது. இஎக்ஸ்டி4 நல்லது.

#3 பெங்குயின்

விண்டோஸில் இருந்து செய்யாதீங்க. டிஸ்க்கைச் செருகின உடனே அது மவுண்ட் பண்ணும் (ஃபோல்டர்களைத் திறக்கத் தயாராக்கும்), ஜர்னலைச் சரிபார்க்கும், தேடல் இண்டெக்ஸ் போடும், தம்ப்நெயில் உருவாக்கும். ஒவ்வொண்ணும் ஹெட்டை (தட்டுல இருந்து படிக்கிற முனை) அலைய விடுது.

சிஸ்டம்ரெஸ்க்யூ லினக்ஸை ஒரு பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணுங்க. டிடிரெஸ்க்யூ (இமேஜ் எடுக்க), ஸ்மார்ட்சிடிஎல் (டிஸ்க்கோட உடல்நிலை பார்க்க), டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் (ஃபைல் மீட்க) எல்லாம் அதுலயே இருக்கு, செருகின டிஸ்க்கைத் தானா மவுண்டும் பண்ணாது.

கட்டளைகளை உச்சரிப்பாத்தான் எழுதுறேன். டைப் பண்ணும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்துன்னா தனியாச் சொல்றேன்.

முதல்ல எது எந்த டிஸ்க்குன்னு பாருங்க: எல்எஸ்பிஎல்கே (டிஸ்க்குகளைப் பட்டியல் போடுற கட்டளை), கூடவே மாடல், சீரியல், அளவு காட்டச் சொல்லுங்க. டிஸ்க் உடம்புல ஒட்டியிருக்கிற சீரியல் எண்ணோட ஒப்பிட்டு ஒரு தாள்ல எழுதி வைங்க. மூலத்தையும் இலக்கையும் மாத்திப் போட்டா காலி டிஸ்க்குல இருக்கிற வெறுமை உங்க போட்டோ மேல ஏறிடும். அதை யாராலயும் திருப்ப முடியாது.

அடுத்து ஸ்மார்ட்சிடிஎல் -ஏ. யூஎஸ்பி வழியா பதில் வரலைன்னா -டி சாட் சேர்த்துப் பாருங்க. டிஸ்க் தன் பழுதுகளைத் தானே எண்ணி வைக்கிற 5, 197, 198, 199 நாலு வரிகளோட கடைசி எண்ணை மட்டும் இங்க போடுங்க. விண்டோஸ் கருவிகள்ல இதே 05, சி5, சி6, சி7ன்னு வரும்.

#4 மின்மினி

5: 16
197: 312
198: 304
199: 0
வெப்பம் 38 டிகிரி.

#5 பெங்குயின்

199 சாட்டா (டிஸ்க்கை கணினியோட நேரா இணைக்கிற வகை) இணைப்புல வர்ற பிழையை எண்ணுது, யூஎஸ்பி கேபிளை அளக்காது. பூஜ்யம்னா அந்த இணைப்பு மேல சந்தேகம் வேண்டாம். சாட்டாவுல போட்ட டிஸ்க்குல அந்த எண் ஏறிட்டே போனா முதல்ல கேபிளை மாத்தணும், டிஸ்க்கையே தொட வேண்டாம். நல்லா இருக்கிற டிஸ்க்கு பலது அப்படித்தான் "செத்துப்போச்சு"ன்னு முத்திரை வாங்குது.

197தான் உங்க நோய். டிஸ்க் படிக்கத் திணறி "பிறகு பார்க்கலாம்"னு குறிச்சு வெச்ச செக்டார்கள். ஒரு மோசமான செக்டாருக்காக டிஸ்க் உள்ளுக்குள்ளயே பல நொடி திரும்பத் திரும்ப முயலும். தோத்தா இயங்குதளம் தன் பங்குக்கு மறுபடி கேட்கும். எக்ஸ்ப்ளோரர் உறையறது இதனாலதான்.

முதல் சுற்று:

டிடிரெஸ்க்யூ -டி -என் [மூல டிஸ்க்] [இமேஜ் ஃபைல்] [மேப் ஃபைல்]

-டி போட்டா கர்னலோட கேஷை (இயங்குதளத்தோட இடைச் சேமிப்பு) தாண்டி நேரடியாப் படிக்கும். இல்லைன்னா கெட்ட செக்டாருக்கு அக்கம்பக்கத்துல இருக்கிற நல்லதும் சேர்ந்து போகும். -என் போட்டா கடினமான பகுதிகளைச் சுரண்டாம தாண்டிப் போகும். நல்லா இருக்கிற இடத்தை எல்லாம் முதல்ல அள்ளிடணும், சண்டை எல்லாம் அப்புறம். பழைய டிடி கட்டளையை வெச்சு இமேஜ் எடுக்கச் சொல்ற குறிப்புகளைப் பின்பற்றாதீங்க. அது தலையில இருந்து வால் வரைக்கும் நேரா போகும், கெட்ட பகுதியில மாட்டி டிஸ்க்கைத் தேய்க்கும்.

மேப் ஃபைல்தான் உயிர். எது படிச்சாச்சு, எது தோத்துது, எது இன்னும் தொடலைன்னு அதுலதான் இருக்கு. பாதியில நிறுத்தினாலும் அதே கட்டளையை அதே மேப்போட கொடுத்தா விட்ட இடத்துல இருந்து தொடரும். அதை லைவ் சிஸ்டத்தோட ஹோம் ஃபோல்டர்ல வைக்காதீங்க, அது ராம்ல இருக்கு. கரண்ட் போனா மேப்பும் போச்சு. இலக்கு டிஸ்க்குலயே இமேஜ் பக்கத்துல வைங்க.

மூல டிஸ்க்கை எஸ்டிபி, எஸ்டிசின்னு சுருக்கமாக் கொடுக்காம, டெவ் கீழ டிஸ்க், அதுக்குள்ள இருக்கிற பை-ஐடி ஃபோல்டர்ல மாடலும் சீரியலும் சேர்ந்த நீளமான பெயர் இருக்கும், அதைக் கொடுங்க. காரணம் பின்னாடி தெரியும்.

#6 ஈரிழை

180 ஜிபி போட்டோவுக்காக 1 டெராபைட் முழுக்கப் படிக்கணுமா? டிஸ்க்கோட ஆயுசு குறைவுன்னு நீங்களே சொல்றீங்க. போட்டோ ஃபோல்டரை மட்டும் முதல்ல காப்பி எடுத்துட்டா பாக்கி போனாலும் போகட்டுமே.

#7 வட்டுக்காவல்

நியாயமான கேள்வி. பதில் டிஸ்க்கின் நிலையைப் பொறுத்தது.

ஃபைல் காப்பி என்பது நேர்க்கோட்டில் போகும் வேலை இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் எம்எஃப்டிக்குப் போய் முகவரி பார்த்து, படம் இருக்கும் இடத்துக்கு வந்து, மறுபடி எம்எஃப்டிக்கு ஓட வேண்டும். 40,000 படங்கள் என்றால் ஹெட் எத்தனை முறை குறுக்கும் நெடுக்கும் ஓடும் என்று பாருங்கள். எம்எஃப்டி இருக்கும் இடமே கெட்டிருந்தால் திரும்பத் திரும்ப அதே புண்ணில்தான் கை வைப்பீர்கள். எந்த ஃபைல் எந்த செக்டாரில் தோற்றது என்ற கணக்கும் உங்களிடம் இருக்காது. நின்றுபோனால் மறுபடி முதலில் இருந்து.

ஆரோக்கியமான 1 டெராபைட்டை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்க 2 மணி 47 நிமிடம் போதும். மின்மினியின் டிஸ்க் அந்த வகை. அங்கங்கே புண், மற்ற இடமெல்லாம் நல்ல வேகம். முழு இமேஜ்தான் சரி.

வேகம் நொடிக்கு 1 எம்பிக்கு விழுந்து அங்கேயே நின்றால் அதே வேலைக்கு 11 நாளுக்கு மேல் ஆகும். அப்போது ஈரிழை சொல்வதில் பொருள் உண்டு, ஆனால் செய்முறை காப்பி-பேஸ்ட் இல்லை. டிடிஆர்யூட்டிலிட்டி தொகுப்பில் என்டிஎஃப்எஸ் பிட்மேப்பைப் படித்து "ஃபைல் உள்ள இடங்கள் இவை" என்று ஒரு மேப் தரும் கருவி இருக்கிறது. அந்த மேப்பை டிடிரெஸ்க்யூவுக்கு -எம் மூலம் டொமைனாக (படிக்க வேண்டிய எல்லையாக) கொடுத்தால் காலி இடத்தைத் தொடவே தொடாது. டிஸ்க் பாதி காலி என்றால் பாதி உழைப்பு மிச்சம். ஹெச்டிடிசூப்பர்க்ளோன், அதில் இருந்து கிளைத்த ஓபன்சூப்பர்க்ளோன் ஆகிய இமேஜ் கருவிகள் டிஸ்க்கின் டைம்-அவுட்டையும் ரீசெட்டையும் இன்னும் நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும், ஆனால் அவற்றை சாட்டா வழியாக நேரடியாக இணைத்தால்தான் முழுப் பலன்.

#8 பெங்குயின்

அந்த சாட்டா விஷயத்துல ஒரு எச்சரிக்கை. பெட்டியை உடைச்சு நேரா சாட்டாவுல போட்டுடலாம்னு கிளம்பாதீங்க. பல 2.5 அங்குல யூஎஸ்பி டிஸ்க்குல சாட்டா முனையே கிடையாது, யூஎஸ்பி சாக்கெட் நேரடியா போர்டுலயே பற்றவெச்சிருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை பாஸ்போர்ட் பலதுல நீங்க பாஸ்வேர்டே போடலைன்னாலும் தகவல் என்கிரிப்ட் ஆகித்தான் தட்டுல ஏறும், சாவி போர்டு பக்கம் இருக்கும். வேற வழியாப் படிச்சா கிடைக்கிறது வெறும் குப்பை. சில பெரிய பெட்டிகள்ல இருக்கிற பிரிட்ஜ் (யூஎஸ்பியை சாட்டாவா மாத்துற சிப்) செக்டார் அளவை 512க்குப் பதிலா 4096ன்னு காட்டும். வெளியே எடுத்து இணைச்சா பார்ட்டிஷன் காணாமப் போன மாதிரி தெரியும், பயந்துடாதீங்க.

#9 தென்றல்

டிக் டிக்னு சத்தம் வர்ற டிஸ்க்குக்கும் இதே முறைதானா? ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா சில மணி நேரம் ஓடும்னு சொல்றாங்களே?

#10 வட்டுக்காவல்

இல்லை, அது வேறு நோய்.

காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல டிஸ்க்கில் கரண்ட் வந்ததும் ஒரு முனகல் மெல்ல உயரும், ஹெட் தட்டின் மேல் இறங்கும்போது மெல்லிய ஒரே ஒரு "டிக்", பிறகு அமைதி. கெட்ட ஹெட் என்றால் ஒரே இடைவெளியில் டிக்... டிக்... டிக், அதன்பின் மோட்டார் சுருதி இறங்கி நின்றுபோகும். ஹெட் தன் வழிகாட்டிக் குறிகளைப் படிக்க முடியாமல் முட்டி முட்டித் திரும்புகிற ஓசை அது. ஹெட் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. வளைந்த ஹெட்டோடு ஓட விடும் ஒவ்வொரு நிமிடமும் காந்தப் பூச்சைச் சுரண்டலாம். சுரண்டிய பூச்சில் இருந்த படம் எந்த ஆய்வகத்திலும் திரும்பாது. இந்தச் சத்தம் வந்தால் கரண்ட்டை நிறுத்துங்கள். ஒரே மாதிரியான டிஸ்க்கில் இருந்து ஹெட் தொகுதியை எடுத்து, தூசியில்லா அறையில் மாற்றுகிறவர்களிடம்தான் போக வேண்டும். மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள்.

ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். மிகப் பழைய டிஸ்க்குகளில் இறுகிய பாகம் குளிரில் சுருங்கி விடுபட்டது உண்டு, அந்தப் பேச்சு இன்னும் ஓடுகிறது. ஹீலியம் நிரப்பாத டிஸ்க்கில் காற்று போய்வர வடிகட்டியோடு ஒரு துளை இருக்கிறது. குளிர்ந்த தட்டின் மேல் வெளியே எடுத்ததும் ஈரம் படியும். அந்த ஈரத்தின் மேல் ஹெட் பறந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு வகை உண்டு. "பீப் பீப்" என்று சன்னமாகக் கத்தினால் மோட்டார் சுற்ற முடியாமல் தவிக்கிறது. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்ப்தான் தரும், யூஎஸ்பி 3 போர்ட் 900. சுற்றத் தொடங்கும் நொடியில் 2.5 அங்குல டிஸ்க் அதைவிட அதிகம் கேட்கலாம். குட்டையான நல்ல கேபிளோடு, கணினியின் பின்பக்க போர்ட்டிலோ, தனி மின்சாரம் உள்ள ஹப்பிலோ ஒரு முறை பாருங்கள். அப்போதும் பீப் என்றால் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்; அதுவும் ஆய்வக வேலை.

சத்தமே இல்லை, சுற்றவும் இல்லை என்றால் 3.5 அங்குல டிஸ்க்கில் தவறான அடாப்டர் போட்டார்களா என்று கேளுங்கள். மின்னழுத்தம் ஏறும்போது போர்டில் உள்ள டிவிஎஸ் டயோடு தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்றதைக் காக்கும். மல்டிமீட்டரில் ஷார்ட் காட்டும் அந்த டயோடை மட்டும் கழற்றினால் டிஸ்க் எழுந்துவிடுவது உண்டு. பாதுகாப்பு போய்விட்டது, ஆகவே சரியான அடாப்டரோடு இமேஜ் எடுத்து முடிக்கும் வரை மட்டும். வேறு டிஸ்க்கின் போர்டை அப்படியே மாட்டிப் பயனில்லை: அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுக்கு உரிய அளவீடுகள் போர்டில் உள்ள ராம் அல்ல, ரோம் சிப்பில் இருக்கின்றன; அதையும் பெயர்த்து மாற்ற வேண்டும்.

#11 மின்மினி

ஓடிட்டு இருந்துச்சு. 61%ல திடீர்னு பிழை எண்ணிக்கை விர்ருனு ஏறி, ஒரு நிமிஷத்துல "முடிந்தது"ன்னு நின்னுடுச்சு. மீதி முழுக்கப் போச்சா?

#12 பெங்குயின்

போகலை, பதறாதீங்க. டிஸ்க் யூஎஸ்பியில இருந்து நழுவியிருக்கு. அங்க டிஸ்க்கே இல்லாததால கேட்ட எல்லாத்துக்கும் "பிழை"ன்னு பதில் வந்திருக்கு, மேப்புல பொய்க் கணக்கு ஏறியிருக்கு.

டிஸ்க்கைக் கழற்றி அரை மணி நேரம் ஆற விடுங்க. திரும்பச் செருகினா எஸ்டிபியா இருந்தது எஸ்டிசி ஆகியிருக்கும், பை-ஐடி பெயர் மாறாது. அதுக்குத்தான் அப்பவே சொன்னேன். அப்புறம் அதே கட்டளையோட பெரிய எழுத்து -ஏ, பெரிய எழுத்து -எம் ரெண்டையும் ஒரே ஒரு முறை சேர்த்துக் கொடுங்க. முதல்து தாண்டிவிட்ட பகுதிகளைத் "தொடாதது"ன்னு திருப்பி எழுதும், ரெண்டாவது தோத்ததா குறிச்சதை மறுபடி பரிசீலிக்கும். படிச்சு முடிச்ச 61% அப்படியே இருக்கும்.

ஒரு சின்ன ஃபேனை டிஸ்க் மேல காத்துப் படற மாதிரி வைங்க. 50 டிகிரியைத் தொட்டா கன்ட்ரோல்-சி கொடுத்து நிறுத்தி, ஆறின பிறகு தொடருங்க. ஓடும்போது டிஸ்க்கை நகர்த்தாதீங்க.

அதே இடத்துல மறுபடி நழுவினா பெரிய எழுத்து -ஆர் சேர்த்து வால் பக்கத்துல இருந்து பின்னோக்கிப் படிக்க விடுங்க. மோசமான பகுதியை மறுபக்கத்துல இருந்து நெருங்கலாம்.

முதல் சுற்று முடிஞ்ச பிறகு -என் எடுத்துட்டு, சின்ன எழுத்து -ஆர்3. மிச்சத்தைச் சுரண்டி, தோத்ததை 3 முறை முயலும். 3 சுற்றுல புதுசா எதுவும் வரலைன்னா 30 சுற்று ஓட்டினாலும் பெருசா வராது, டிஸ்க்குதான் தேயும்.

#13 மின்மினி

முடிஞ்சுது. 99.99%க்கு மேல வந்திருக்கு, கெட்ட பகுதி 2.1 எம்பி. இப்ப 197 எண் 520 ஆகியிருக்கு. இனி எந்தெந்தப் படம் அந்த 2.1 எம்பியில மாட்டிச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாற்பதாயிரம் படத்தையும் திறந்து பார்க்கணுமா?

#14 வட்டுக்காவல்

தேவையில்லை. பழைய டிஸ்க்கை ஒரு உறையில் போட்டு எடுத்து வையுங்கள், தூக்கி எறிய வேண்டாம்.

இமேஜை இன்னொரு பிரதி எடுங்கள். இனி வேலை அந்தப் பிரதியில். ஒரு சிறு ஃபைலில் வேறெங்கும் வராத ஒரு சொல்லை எழுதிக்கொள்ளுங்கள், "கெட்டசெக்டார்" என்பது போல, ஆங்கில எழுத்தில். டிடிரெஸ்க்யூவின் ஃபில்-மோட் அந்தச் சொல்லை, மேப்பில் தோற்றதாகக் குறித்த இடங்களில் மட்டும் திரும்பத் திரும்ப நிரப்பும். பிறகு லோசெட்அப்பில் (இமேஜை ஒரு டிஸ்க் போலக் காட்டும் கட்டளை) படிக்க-மட்டும் தேர்வோடு இமேஜை இணைத்து, பார்ட்டிஷனையும் படிக்க-மட்டும் மவுண்ட் செய்து, க்ரெப் -ஆர்எல் கொண்டு அந்தச் சொல்லைத் தேடுங்கள். அடிபட்ட ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் சில மணி நேரத்தில் வரிசையாக வந்து விழும். எம்எஃப்டியே அடிபட்டிருந்தால் இந்த நிரப்பல் அங்கேயும் போய் விழும், அதனால்தான் பிரதியில் செய்யச் சொன்னேன்.

மவுண்ட் ஆகவில்லை அல்லது ஃபோல்டர்கள் குறைகின்றன என்றால் மாசில்லாத முதல் இமேஜை டெஸ்ட்டிஸ்க், டிஎம்டிஇ, ஆர்-ஸ்டூடியோ போன்ற மீட்புக் கருவிகளில் ஒன்றுக்குக் காட்டுங்கள். பெயரும் தேதியும் ஃபோல்டரும் அப்படியே கிடைக்க வாய்ப்பு இந்த வழியில்தான். போட்டோரெக் கடைசி ஆயுதம். அது ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காமல், ஜேபெக் தொடங்கும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்டுகளைத் தேடி எடுக்கும். பெயர் போய்விடும், துண்டாகச் சிதறிய படம் பாதியோடு நிற்கும், ரெக்கப்-டிர் 1, 2, 3 என்று ஃபோல்டர்கள் குவியும். ஓட்டுவதானால் ஃபைல் வகைகளில் ஜேபெக், டிஃப், எம்ஓவி மூன்றை மட்டும் விடுங்கள். பல கேமராக்களின் ரா டிஃப்பிலும், கைபேசிப் பட வகையான ஹெச்இஐசி எம்ஓவியிலும் அடங்கும். வந்த குவியலை அளவு வாரியாக அடுக்கினால் 100 கேபிக்குக் கீழே பெரும்பாலும் தம்ப்நெயில். மிச்சத்தை எக்ஸிஃப்டூல் கொண்டு படம் எடுத்த தேதியைப் பெயராக வைத்து அடுக்கலாம்.

#15 மின்மினி

மவுண்ட் ஆச்சு, ஃபோல்டர் எல்லாம் இருக்கு! பட்டியல்ல 23 ஃபைல். அதுல 14 ஜேபெக், 2 ரா, 1 எம்பி4, மீதி தேவையில்லாதது. ஜேபெக்ல 12 பாதி தெரியுது, 2 திறக்கவே மறுக்குது.

#16 ஒளிச்சட்டகம்

பழுது பார்ப்பதற்கு முன், அந்த 17 படைப்புகளும் வேறெங்கேனும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். கேமராவின் மெமரி கார்டில் பிறகு அதிகம் எழுதவில்லை என்றால் அழித்த படம் இன்னும் கிடக்கலாம். கார்டையும் முதலில் இமேஜ் எடுத்துத்தான் போட்டோரெக் ஓட்ட வேண்டும். அனுப்பிய மின்னஞ்சல், உறவினர் கைபேசி, அரட்டைச் செயலி என்று அளவு குறைந்த பிரதியானாலும் முழுப் படம் முழுப் படம்தான்.

பாதி தெரியும் 12 படங்களில் ஒன்றை உற்றுப் பாருங்கள். மேல் பகுதி பழுதில்லை. ஒரு வரியில் திடீரென்று நிறம் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ மாறி, காட்சி பக்கவாட்டில் நகர்ந்திருக்கும்; அதற்கும் கீழே சாம்பல். போனது ஒரு 4096 பைட் செக்டார், 5 எம்பி படத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஜேபெக் படத்தை 8க்கு 8 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் அடிப்படை நிறத்தையும் முந்தைய கட்டத்தில் இருந்து எவ்வளவு வித்தியாசம் என்றுதான் எழுதி வைக்கிறது. குறியீட்டின் நீளமும் ஒரே சீராக இல்லை. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தடுத்த கணக்கெல்லாம் பிசகும். கீழ்ப்பகுதியின் தகவல் அழியவில்லை, தவறாகப் படிக்கப்படுகிறது. ஆகவே கட்டங்களைச் சேர்த்தும் நீக்கியும் நிறத்தைத் திருத்தியும் நகர்ந்த பகுதியை இடத்துக்குக் கொண்டுவரும் ஜேபெக் பழுதுநீக்கிகள் உண்மையிலேயே வேலை செய்யும். நிரப்பல் இல்லாத முதல் இமேஜில் இருந்து எடுத்த ஃபைலில் செய்யுங்கள்.

ரா ஃபைல்கள் இரண்டிலும் எக்ஸிஃப்டூல் வைத்து உள்ளே பொதிந்திருக்கும் முன்னோட்ட ஜேபெக்கை உருவிப் பாருங்கள். பல கேமராக்கள் முழு அளவிலோ அதற்கு அருகிலோ ஒன்றை வைத்திருக்கும். செக்டார் அதைத் தாக்கவில்லை என்றால் அச்சடிக்கப் போதுமான படம் கையில்.

எம்பி4 ஓடவே இல்லை என்றால் அநேகமாக மூவ் என்ற அட்டவணைப் பகுதி அடிபட்டிருக்கும். அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைக் காட்டினால் அன்ட்ரங்க் என்ற கருவி அட்டவணையைக் கட்டித்தரும்.

#17 மின்மினி

12ல 9 படம் கைபேசியிலயும் மெயில்லயும் கிடைச்சிடுச்சு. திறக்க மறுக்கிற அந்த ரெண்டுக்கு வழி உண்டா?

#18 ஒளிச்சட்டகம்

ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலைப் பைட் பைட்டாகக் காட்டும் கருவி) திறந்து முதல் சில ஆயிரம் பைட்டுகளைப் பாருங்கள். அங்கே பூஜ்யங்கள் வரிசையாக நின்றால் போனது தலைப்பகுதி மட்டும்தான். அளவு, படத்தைச் சுருக்கிய கணக்கான குவாண்டைசேஷன் அட்டவணை, ஹஃப்மன் அட்டவணை அங்கேதான் இருந்தன. படத்தின் உடல் பின்னால் இருக்கிறது.

அதே கேமராவில், அதே ரெசல்யூஷன், அதே தரம், அதே கிடை அல்லது செங்குத்து நிலையில் எடுத்த நல்ல படம் ஒன்றை எடுங்கள். அதில் எஃப்எஃப் டிஏ என்ற குறியைத் தேடுங்கள். எக்ஸிஃபுக்குள் (தேதி, கேமரா விவரம் உள்ள பகுதி) இருக்கும் தம்ப்நெயிலிலும் அந்தக் குறி வரும், அதனால் கடைசியாக வருவதுதான் உங்களுக்கு வேண்டியது. அதையடுத்த இரண்டு பைட் அந்தத் துண்டின் நீளம், பெரும்பாலும் 12. ஃபைலின் தொடக்கத்தில் இருந்து அந்தத் துண்டின் முடிவு வரை வெட்டி, கெட்ட ஃபைலில் பூஜ்யங்கள் முடிந்து தகவல் தொடங்கும் இடத்துக்கு முன்னால் ஒட்டுங்கள். புதுப் பெயரில் சேமித்துத் திறங்கள்.

தலையோடு உடலின் சில கட்டங்களும் போயிருந்தால் படம் பக்கவாட்டில் நகர்ந்து, நிறம் மாறித்தான் முதலில் தெரியும். அது தோல்வி இல்லை. மேலே சொன்ன நகர்த்தலும் நிறத்திருத்தமும் இனி அதற்கும் பொருந்தும். நீங்கள் ஒட்டிய தலையில் இருக்கும் தேதி மற்றப் படத்தினுடையது. எக்ஸிஃப்டூலில் அதை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆல்பத்தில் தவறான நாளில் போய் உட்காரும்.